மருந்துக்கடை முதல் சார்ஜிங் பாயின்ட் வரை: அமெரிக்க பெட்ரோல் பங்க் யாருக்கு வழிவிட்டது, யாரை வழியில் விட்டது?

2025 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பகுதியில் டெஸ்லா நிறுவனம் ஓர் உணவகத்தைத் திறந்தது. ஒரே நேரத்தில் 80 மின்சார கார்களுக்கு சார்ஜ் ஏற்றலாம். காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்க இரண்டு பெரிய திரைகள். பர்கர், மில்க் ஷேக். ரோலர் ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு பரிமாறும் ஊழியர்கள். மொத்தத்தில் 1950-களின் அமெரிக்க சினிமாவுக்குள் நுழைந்த மாதிரி ஒரு செட்டப்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. பெட்ரோலே வேண்டாம் என்று சொல்லும் ஒரு கம்பெனி, பெட்ரோல் கார்களின் பொற்காலத்து வேஷத்தை ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்?

இடத்தைக் கவனித்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அந்த உணவகம் இருப்பது சான்டா மோனிகா பொலிவார்டில். ஒரு காலத்தில் அது 'ரூட் 66' நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. சிகாகோவில் தொடங்கி சுமார் 3,900 கிலோமீட்டர் ஓடி சான்டா மோனிகாவில் முடிந்த அந்தச் சாலைக்கு அந்தப் பெயர் கிடைத்தது 1926-ல். அதாவது 2026-ல் அதற்கு 100 வயது.

மீதி பதில் வியாபாரம். பெட்ரோல் போட 5 நிமிடம் போதும். சார்ஜ் ஏற்ற 20, 30 நிமிடம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் மனிதர்கள் சாப்பிட வேண்டும், டாய்லெட் போக வேண்டும், பொழுதும் போக வேண்டும். காரில் வருபவரை நிறுத்தி வைத்து, வேறு எதையாவது விற்பது. இந்தத் தொழிலை அமெரிக்கா 100 வருடங்களுக்கு மேலாகச் செய்துவருகிறது. அதில் பலர் பணக்காரர்கள் ஆனார்கள். சில ஊர்கள் காணாமல் போயின. சிலருக்கு வண்டியை நிறுத்தவே இடம் கிடைக்கவில்லை. இப்போது எரிபொருள் மறுபடியும் மாறிக்கொண்டிருக்கும் நிலையில், அந்தக் கதையை முதலில் இருந்து பார்ப்பது அவசியம்.

முதல் 'பங்க்' ஒரு மருந்துக்கடை

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. 1888 ஆகஸ்ட் மாதம். கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியை அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூடவே இரண்டு மகன்கள். மன்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் உள்ள அம்மா வீட்டுக்கு, சுமார் 100 கிலோமீட்டர் பயணம். இந்த வண்டி நீண்ட தூரம் ஓடும் என்று உலகத்துக்குக் காட்டிய முதல் பயணம் அது.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. எங்கே போய் வாங்குவது? வீஸ்லோக் என்ற ஊரில் இருந்த மருந்துக்கடையில், துணிக்கறை எடுக்க விற்ற 'லிக்ராயின்' என்ற பெட்ரோலியத் திரவத்தை வாங்கி டேங்கில் ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக்கடையைத்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. எண்ணெய் கம்பெனிகள் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தது விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வேண்டும் என்பதற்காகத்தான். அதில் கூடவே வந்த பெட்ரோல், சட்டென்று தீப்பிடிக்கும் உபத்திரவம். ஆற்றில் கொட்டியவர்களும் உண்டு. கார்கள் வந்த பிறகுதான் அந்தக் கழிவுக்கு மதிப்பு வந்தது.

ஆனாலும் அதற்கென்று தனிக் கடை கிடையாது. மளிகைக் கடை, இரும்புக் கடை, கொல்லன் பட்டறை என எங்கேயாவது பீப்பாயில் இருக்கும். கேனில் பிடித்து, புனல் வைத்து வண்டியில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் சிந்தினாலும் ஆபத்து.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்களில் ஒருவர் சில்வானஸ் பவுசர். இண்டியானா மாகாணத்தின் ஃபோர்ட் வேய்ன் நகரைச் சேர்ந்தவர். 1885-ல் மண்ணெண்ணெய்க்கு ஒரு பம்ப் செய்து விற்றார். பிறகு 1905-ல் பெட்ரோலை அளந்து ஊற்றும் பம்ப்பைக் கொண்டுவந்தார். அவருடைய பெயரே அந்த இயந்திரத்தின் பெயராகிவிட்டது. இலங்கையில் பெட்ரோல், டீசல் ஏற்றிவரும் லாரியை இன்றைக்கும் 'பவுசர்' என்றுதான் தமிழிலும் சிங்களத்திலும் சொல்கிறார்கள். 2022 நெருக்கடியில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் 'பவுசர் வந்துட்டுதா?' என்று கேட்டு வரிசையில் நின்றவர்கள், தெரியாமலே அந்த இண்டியானாக்காரரின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் வியாபாரம் 30 கேலன்

முதல் பங்க் எது என்பதில் அமெரிக்காவிலேயே போட்டி உண்டு. சியாட்டில், செயின்ட் லூயிஸ் என்று பல ஊர்கள் உரிமை கோருகின்றன. ஆனால், இன்றைய பங்க்கின் வடிவம் தெளிவாகத் தெரிவது பிட்ஸ்பர்க்கில்தான். 1913 டிசம்பர் 1 அன்று 'கல்ஃப்' நிறுவனம் அங்கே ஒரு பங்க்கைத் திறந்தது. காரை நேராக உள்ளே ஓட்டிக்கொண்டு வரலாம். மேலே கூரை. டயருக்குக் காற்றும் ரேடியேட்டருக்குத் தண்ணீரும் இலவசம்.

ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், 27 சென்ட். முதல் நாளில் விற்றது வெறும் 30 கேலன்தான்.

ஆனால், காலம் சாதகமாக இருந்தது. அதே 1913-ல்தான் ஹென்றி ஃபோர்டு நகரும் அசெம்பிளி லைனைத் தொடங்கினார். 1908-ல் 850 டாலருக்கு வந்த 'மாடல் டி' காரின் விலை, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927-ல் உற்பத்தி முடியும்போது மொத்தம் ஒன்றரைக் கோடி கார்கள் விற்றிருந்தன. விவசாயி, ஆலைத் தொழிலாளி எல்லோரும் கார் வாங்கினார்கள். அத்தனை கார்களுக்கும் பெட்ரோல் வேண்டும்.

ஒரே பெட்ரோல், வேற வேற கட்டடம்

1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை 34 துண்டுகளாகப் பிரிக்கச் சொன்னது. ஏற்கெனவே இருந்த போட்டியாளர்களோடு இந்தத் துண்டுகளும் மோதிக்கொண்டன. ஆனால், ஒரு பிரச்னை. யாரிடம் வாங்கினாலும் பெட்ரோல் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாடிக்கையாளர் எதைப் பார்த்து கம்பெனியைத் தேர்வு செய்வார்?

பதில், கட்டடம். வேகமாகப் போகும் காரில் இருந்தே கண்ணில் பட வேண்டும். 'ப்யூர் ஆயில்' நிறுவனம் இங்கிலாந்து கிராமத்து வீடு மாதிரி பங்க்குகளைக் கட்டியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் 'எங்க ஏரியாவுல பங்க்கா?' என்று முகம் சுளிக்காமல் இருக்கவும் அது உதவியது. வடக்கு கரோலினாவின் வின்ஸ்டன்-சேலமில் 'ஷெல்' பங்க், பெரிய மஞ்சள் சிப்பி வடிவத்திலேயே எழுந்தது. வாஷிங்டன் மாகாணத்தின் ஜில்லா ஊரில் ஒருவர் டீ கெட்டில் வடிவில் கட்டினார். அது அன்றைக்கு நாட்டையே உலுக்கிய 'டீபாட் டோம்' எண்ணெய் ஊழலுக்கான கிண்டல்.

1937-ல் 'டெக்ஸாகோ'வுக்காக வால்டர் டோர்வின் டீக் வடிவமைத்த வெள்ளைப் பெட்டி மாதிரியான கட்டடம்தான் இந்த வேடிக்கைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பளபளக்கும் வெள்ளைச் சுவர், பச்சைக் கோடுகள், எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தோற்றம். 'பார்த்த உடனே அடையாளம் தெரியணும்' என்று இன்றைக்கு ஒவ்வொரு செயின் கடையும் கடைப்பிடிக்கும் விதியைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது பங்க்குகள்தான்.

பங்க்கைச் சுற்றி மற்ற எல்லாமும் முளைத்தன. காருக்கே தட்டைக் கொண்டுவந்து தரும் 'பிக் ஸ்டாண்ட்' உணவகம் 1921-ல் டாலஸில் வந்தது. காரை ரூம் வாசலிலேயே நிறுத்தும் விடுதிக்கு 1925-ல் கலிஃபோர்னியாவில் 'மோட்டல்' என்று பெயர் வைத்தார்கள். 1933-ல் நியூ ஜெர்சியின் கேம்டனில் முதல் டிரைவ்-இன் தியேட்டர். டெஸ்லா இன்று ஒரே வளாகத்தில் அடுக்கி வைத்திருப்பது, இப்படித் தனித்தனியாகப் பிறந்த பழைய யோசனைகளைத்தான்.

பங்க் வாசலில் பிறந்த கேஎஃப்சி

இந்தச் சாலையோரப் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு மனிதரைப் பார்த்தால் போதும். பெயர் ஹார்லண்ட் சாண்டர்ஸ்.

1930-ல் கென்டக்கி மாகாணத்தின் கார்பின் ஊரில் அவர் ஒரு ஷெல் பங்க்கை எடுத்து நடத்தினார். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம் அது. பெட்ரோல் போட வருகிறவர்கள் பசியோடு வந்தார்கள். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார வைத்துப் பரிமாற ஆரம்பித்தார். பெட்ரோலைவிடக் கோழி நன்றாக விற்றது. பிறகு உணவகம், அதற்குப் பக்கத்தில் மோட்டல். மாகாண ஆளுநர் 'கர்னல்' என்று கௌரவப் பட்டமும் கொடுத்தார்.

1950-களின் நடுவில் ஒரு செய்தி வந்தது. புதிய நெடுஞ்சாலை கார்பின் வழியாக வராது, ஊரைத் தாண்டிப் போகும். அவ்வளவுதான். கார்கள் வராத இடத்தில் உணவகத்துக்கு என்ன மதிப்பு? 1956-ல் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைக்கு எல்லாவற்றையும் விற்றார். வயது 65. கையில் இருந்தது ஒரு ரெசிபியும் அரசு தரும் ஓய்வூதியமும்தான்.

1952-லேயே யூட்டா மாகாணத்தில் ஒருவருக்குத் தன் பெயரையும் செய்முறையையும் பயன்படுத்த அனுமதி கொடுத்திருந்தார். இப்போது அதையே முழுநேர வேலையாக்கி, காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் உணவகங்களோடு ஒப்பந்தம் போட்டார். சென்னையிலும் கொழும்பிலும் இன்றைக்கு நாம் பார்க்கும் கேஎஃப்சி இப்படித்தான் பரவியது.

இதை வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். ஆனால், கார்பினில் நடந்தது அமெரிக்கா முழுக்க ஆயிரக்கணக்கான கடைக்காரர்களுக்கும் நடந்தது. அவர்களில் பெரும்பாலானோரிடம் விற்பதற்கு ஒரு ரெசிபி இல்லை.

எல்லோருக்கும் திறந்திருந்ததா அந்தச் சாலை?

கார் என்றால் சுதந்திரம், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகலாம். அமெரிக்க விளம்பரங்கள் பல பத்தாண்டுகளாகச் சொன்னது இதைத்தான். ஆனால், கறுப்பின அமெரிக்கர்களுக்கு அந்த வாக்கியம் பாதிதான் உண்மை.

தென் மாகாணங்களில் இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்தது. பல பங்க்குகள் கறுப்பினத்தவரின் பணத்தை வாங்கிக்கொண்டு பெட்ரோல் போடும். ஆனால், டாய்லெட் சாவி தராது. சில பங்க்குகள் பெட்ரோலே போடாது. இருட்டிய பிறகு கறுப்பினத்தவர் ஊருக்குள்ளேயே இருக்கக் கூடாது என்று மிரட்டும் 'சன்டவுன்' ஊர்கள் வடக்கிலும் இருந்தன. அதனால் குடும்பத்தோடு கிளம்புபவர்கள் சாப்பாடு, போர்வை, கூடுதல் பெட்ரோல் கேன், குழந்தைகளுக்கு அவசரத்துக்கு ஒரு டப்பா என்று எல்லாவற்றையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், 1936-ல் ஒரு சின்னக் கையேட்டை வெளியிட்டார். பெயர் 'கிரீன் புக்'. கறுப்பினப் பயணிகளை மரியாதையாக நடத்தும் விடுதிகள், உணவகங்கள், பங்க்குகளின் பட்டியல். முதலில் நியூயார்க் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும், பிறகு நாடு முழுக்க. 1960-களின் நடுப்பகுதி வரை அது வந்துகொண்டிருந்தது. இன்றைய மேப் ஆப்பில் ரேட்டிங் பார்த்து இடம் தேடுகிறோமே, அதேபோலத்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே தவறான இடத்தில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

எண்ணெய் நிறுவனங்களில் 'எஸ்ஸோ' இதில் தனித்து நின்றது. கறுப்பினத்தவருக்கு டீலர்ஷிப் கொடுத்தது, தன் பங்க்குகளில் கிரீன் புக்கையும் விநியோகித்தது. (இதே எஸ்ஸோவின் இந்தியக் கிளைதான் 1974-ல் நாட்டுடைமையாகி ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது.)

பங்க்கே போராட்டக் களமாகவும் மாறியது. 1952-ல் மிசிசிபி மாகாணத்தில் டாக்டர் டி.ஆர்.எம்.ஹோவர்ட் தலைமையிலான அமைப்பு ஒரு புறக்கணிப்பைத் தொடங்கியது. டாய்லெட்டைப் பயன்படுத்த விடாத பங்க்கில் பெட்ரோல் வாங்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை. அதை ஸ்டிக்கராக அச்சடித்து ஆயிரக்கணக்கான கார்களின் பம்பரில் ஒட்டினார்கள். பின்னாளில் சுட்டுக் கொல்லப்பட்ட மனித உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸும் அந்த வேலையில் இருந்தார்.

மறுபக்கம், காரே ஆயுதமாகவும் ஆனது. 1955 - 56-ல் மாண்ட்கோமரி நகரில் பேருந்துகளைப் புறக்கணித்தபோது, 381 நாட்கள் மக்கள் வேலைக்குப் போய்வர உதவியது சுமார் 300 கார்கள் கொண்ட 'கார் பூல்' ஏற்பாடு.

1964-ல் வந்த குடிமை உரிமைச் சட்டம், பாகுபாடு காட்டக் கூடாத பொது இடங்களைப் பட்டியலிட்டது. ஹோட்டல், உணவகம், தியேட்டர் ஆகியவற்றோடு 'பெட்ரோல் பங்க்' என்ற சொல்லும் அதில் நேரடியாக இடம்பெற்றது. ஒரு டாய்லெட் சாவிக்காகக் கேட்ட நியாயம், நாட்டின் சட்டப் புத்தகம் வரை போக வேண்டியிருந்தது.

புதிய ரோடு, பழைய ஊர்கள்

1956-ல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம், 41,000 மைல், அதாவது சுமார் 66,000 கிலோமீட்டர் நீளத்துக்கு 'இன்டர்ஸ்டேட்' சாலைகளுக்கு வழிவகுத்தது. செலவில் 90% மத்திய அரசுடையது. பணம் எங்கே இருந்து வந்தது? பெரும்பாலும் பெட்ரோல் வரியில் இருந்து. பங்க்கில் வசூலான காசுதான் ரோடு போட்டது. அந்த ரோட்டிலேயே பல பங்க்குகள் செத்துப்போயின.

காரணம் எளிது. பழைய ரூட் 66 ஒவ்வோர் ஊரின் கடைவீதிக்குள்ளும் புகுந்து புறப்படும். இன்டர்ஸ்டேட் ஊருக்கு வெளியே போகும். குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் வெளியே இறங்க முடியும். அங்கே நிலம் வாங்க வசதி இருந்தது பெரிய கம்பெனிகளுக்குத்தான்.

அரிசோனாவின் செலிக்மன் ஊரைக் கடந்து 1978 செப்டம்பர் 22 அன்று புதிய சாலை திறந்தது. அன்றுவரை நாள் முழுக்க கார்கள் ஓடிய தெருவில் திடீரென்று அமைதி. அந்த ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்காடியோ, 1987-ல் ஊர்க்காரர்களைச் சேர்த்து பழைய சாலையைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க வைத்தார். சுற்றுலாப் பயணிகள் வர, ஊர் மூச்சுவிட்டது. 2006-ல் வந்த 'கார்ஸ்' அனிமேஷன் படக் குழு அவரிடமும் கதை கேட்டுக்கொண்டது. ஆனால், டெக்சாஸ் - நியூ மெக்சிகோ எல்லையில் இருந்த கிளென்ரியோவுக்கு அப்படி ஒரு மறுவாழ்வு கிடைக்கவில்லை. பாழடைந்த பங்க்கும் மோட்டலும்தான் அங்கே மிச்சம்.

நகரங்களில் நிலைமை வேறு மாதிரி. அங்கே சாலை ஊரைத் தாண்டிப் போகவில்லை, ஊருக்கு நடுவே வெட்டிக்கொண்டு போனது. மயாமியின் ஓவர்டவுன், செயின்ட் பாலின் ரோண்டோ, நியூ ஆர்லியன்ஸின் கிளைபோர்ன் அவென்யூ ஆகிய மூன்றுமே கறுப்பின மக்களின் குடியிருப்புகள், கடைவீதிகள். மூன்றும் இன்டர்ஸ்டேட்டுக்காகச் சிதைக்கப்பட்டன.

காலி போர்டும் கறுப்புக் காபியும்

1973 அக்டோபரில், இஸ்ரேலுக்கு ஆதரவு தந்த அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்க மாட்டோம் என்று அரபு நாடுகள் அறிவித்தன. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் சுமார் 3 டாலரில் இருந்து சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பங்க்குகளில் மைல் நீள வரிசை. ஒற்றைப்படை நம்பர் பிளேட்டுக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள். ஓரிகனில் பங்க்குகள் கொடி கட்டின. பச்சை என்றால் எல்லோருக்கும் உண்டு, சிவப்பு என்றால் ஸ்டாக் இல்லை. 1974 தொடக்கத்தில் நாடு முழுக்க வேகம் மணிக்கு 55 மைல் என்று கட்டுப்படுத்தப்பட்டது.

1970-களின் தொடக்கத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமாக இருந்த பங்க்குகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. தப்பித்தவர்கள் செலவைக் குறைக்க ஆளைக் குறைத்தார்கள். கண்ணாடி துடைத்து, ஆயில் பார்த்து, காற்றடித்துக் கொடுத்த யூனிஃபார்ம் ஊழியர் மெல்ல மறைந்தார்.

செல்ஃப் சர்வீஸ் 1947-லேயே லாஸ் ஏஞ்சலிஸில் வந்துவிட்டது. ஆனால், திருப்பம் 1964-ல். கொலராடோவின் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு கடைக்காரர், கல்லாவில் உட்கார்ந்தபடியே வெளியே இருக்கும் பம்ப்பை இயக்கும் கருவியைப் பொருத்தினார். இதனால், கடையில் இருக்கும் ஒரே ஆளே பெட்ரோலும் விற்கலாம், ரொட்டியும் விற்கலாம். இன்று அமெரிக்காவில் பெட்ரோல் விற்பனையில் சுமார் 80% இப்படிப்பட்ட 'கன்வீனியன்ஸ் ஸ்டோர்'களில்தான் நடக்கிறது. பெட்ரோலில் லாபம் மிகக் குறைவு. காபி, சாண்ட்விச், சிகரெட்தான் கடைக்காரரைக் காப்பாற்றுகின்றன. பெட்ரோல், ஆளை உள்ளே இழுக்கும் தூண்டில் மட்டுமே.

நியூ ஜெர்சி மட்டும் 1949-ல் போட்ட தடையை இன்னும் விடவில்லை. அங்கே நம்ம ஊர் மாதிரி ஊழியர்தான் பெட்ரோல் போட வேண்டும். ஓரிகன் 1951-ல் போட்ட தடையை 2023-ல்தான் தளர்த்தியது.

கண்ணுக்குத் தெரியாத பில்

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் பகுதி, காற்றிலும் மண்ணிலும் கலந்தது.

இன்ஜின் 'டக் டக்' என்று இடிப்பதைத் தடுக்க 1923-ல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கத் தொடங்கினார்கள். மறு வருடமே நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய விஷத்தால் சித்தம் கலங்கி இறந்தார்கள். இருந்தும் விற்பனை நிற்கவில்லை. அமெரிக்கச் சாலைகளில் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1996-ல். இந்தியா 2000-ல் கைவிட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல். ஒரு ஆபத்து தெரிந்த பிறகும் அதை நிறுத்த ஏறத்தாழ 100 வருடங்கள் ஆகியிருக்கின்றன.

இன்னொன்று, பூமிக்கடியில் இருக்கும் டேங்க். பல பங்க்குகள் புதைத்தது சாதாரண இரும்பு டேங்குகள். துருப்பிடித்து, பெட்ரோல் கசிந்து, நிலத்தடி நீரில் கலந்தது. 1980-களில்தான் இதற்குச் சட்டம் வந்தது. இதுவரை உறுதி செய்யப்பட்ட கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல். கடை மூடிய பிறகும் அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் செலவு நிற்கும். அமெரிக்க நகரங்களின் முக்கியமான மூலைகளில் பல மனைகள் வருடக்கணக்கில் காலியாகக் கிடக்க இதுவும் ஒரு காரணம். 2021-ல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமா, புதிய பங்க்குகளுக்குத் தடை போட்ட முதல் அமெரிக்க நகரமானது.

இப்போது என்ன நடக்கிறது?

மின்சார கார் வந்ததும் பங்க்கின் அடிப்படைக் கணக்கே மாறுகிறது. பெட்ரோலை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, எனவே பங்க்குக்குப் போயே ஆக வேண்டும். மின்சாரம் வீட்டிலேயே இருக்கிறது. சொந்த வீடும் பார்க்கிங்கும் உள்ளவர்கள் ராத்திரி பிளக் மாட்டிவிட்டுத் தூங்கிவிடலாம். நெடும்பயணத்துக்கு மட்டும்தான் வெளியே சார்ஜ் ஏற்ற வேண்டும். இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது, ரோட்டுக்கு யார் பணம் கட்டுவது? அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட். 1993-க்குப் பிறகு ஏறவே இல்லை. (அதில் 0.1 சென்ட், கசியும் டேங்குகளைச் சரிசெய்யும் நிதிக்குப் போகிறது.) 2008-ல் இருந்தே நெடுஞ்சாலை நிதிக்குப் பொதுப் பணத்தில் இருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோலே போடாத கார்கள் கூடும்போது இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

இரண்டாவது, சார்ஜர் எங்கே வரும்? 2021 உள்கட்டமைப்புச் சட்டம், நெடுஞ்சாலை ஓரங்களில் சார்ஜர் வைக்க 500 கோடி டாலர் ஒதுக்கியது. 50 மைலுக்கு ஒன்று, சாலையில் இருந்து ஒரு மைலுக்குள், குறைந்தது நான்கு அதிவேக சார்ஜர்கள் என்பது விதி. 2025-ல் டிரம்ப் அரசு அந்த நிதியை முதலில் நிறுத்திவைத்து, பிறகு விதிகளைத் தளர்த்தியது. எப்படியானாலும் இப்படி ஓர் இடம் அமைக்க லட்சக்கணக்கான டாலர் வேண்டும். ஒற்றை அறை கிராமத்து பங்க்குக்கு அது கட்டுப்படியாகாது. இன்டர்ஸ்டேட் காலத்தில் கார்பினுக்கும் செலிக்மனுக்கும் நடந்தது திரும்பவும் நடக்கலாம் என்ற கவலை இதனால்தான்.

மூன்றாவது, சொந்த பார்க்கிங் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வாடகை அபார்ட்மென்ட்டில் இருப்பவர் பொது சார்ஜரைத்தான் நம்ப வேண்டும். வீட்டு மின்சாரத்தைவிட அங்கே விலை அதிகம். வசதி உள்ளவருக்கு மலிவான பயணம், இல்லாதவருக்கு விலை கூடிய பயணம் என்று ஆகிவிடும். கிரீன் புக் காலத்தின் பாகுபாட்டோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால், 'இந்த ரோடு யாருக்கு?' என்று அன்று கேட்ட கேள்விக்கு இன்றும் வேலை இருக்கிறது.

பெரிய கடைகள் காத்திருக்கவில்லை. டெக்சாஸின் 'பக்கீஸ்' நிறுவனம் 2024-ல் லூலிங் ஊரில் 75,000 சதுர அடியில், 120 பம்ப்புகளோடு ஒரு கடையைத் திறந்தது. அதே பக்கீஸ் கடைகளில் அதிவேக சார்ஜர் வைக்க 2023-ல் ஒப்பந்தம் போட்ட நிறுவனங்களில் ஒன்று மெர்சிடிஸ் பென்ஸ்.

1888-ல் மருந்துக்கடை வாசலில் எரிபொருளுக்காக வண்டியை நிறுத்திய குடும்பத்தின் பெயர், இன்று எரிபொருள் விற்கும் பக்கத்தில் நிற்கிறது. பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு மாற்றத்திலும் இப்படி இடம் மாறி நின்றுகொள்ளும். பழைய சாலையில் கடை வைத்திருப்பவருக்கும் வாடகை வீட்டில் கார் வைத்திருப்பவருக்கும் அப்படி மாறிக்கொள்ள என்ன உதவி கிடைக்கும் என்பதில்தான் அடுத்த 20 வருடக் கதை இருக்கிறது. 1956-ல் அமெரிக்கா அதை யோசிக்காமல் ரோடு போட்டது. இந்த முறை யோசிக்க நேரம் இருக்கிறது.